மாதம் அரைப் பென்சில் கனம்

என் பேத்திகள் இருவரில் சின்னவள்தான் உயரம். பெரியவளைவிட அவள் இரண்டு வருடமும் நான்கு மாதமும் இளையவள். ஆனாலும் தெருவில் புதிதாக வருகிறவர்கள் அவளிடம்தான் கேட்பார்கள், "தங்கச்சியக் கூட்டிக்கினு எங்கம்மா போற?" என்று. "இது என் அக்கா" என்று சின்னவள் சொல்வாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஒரே வருடத்தில், நான் பக்கத்தில் இருந்தபோது மட்டும், இருபத்தாறு பேர் இப்படிக் கேட்டுச் சிரித்தார்கள். மரக்காணத்துக் கடைத்தெரு அவ்வளவு பெரியதும் இல்லை.

பெரியவளுக்குப் பத்தரை வயது ஆனபோது என் மருமகள் அவளைப் பாண்டியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். நானும் கூடப் போனேன். அளந்தார்கள். நூற்று இருபத்திரண்டரை சென்டிமீட்டர்.

"சில பிள்ளைங்க லேட்டாத்தான் வளரும்" என்றார் டாக்டர். "மாசா மாசம் ஒரே இடத்துல நிக்க வச்சு அளந்து எழுதுங்க. வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டருக்குக் குறைஞ்சா உடனே கூட்டிட்டு வந்துடுங்க. டெஸ்ட் எடுத்து, ஊசி தேவையான்னு பார்க்கணும். வயசு ஏறிட்டா ஊசி போட்டும் பிரயோசனம் கம்மி. வீட்ல யார் அளப்பீங்க?"

மருமகள் என்னைக் காட்டினாள். "மாமா அளப்பாரு சார். அவரு எல்லாத்தையும் எண்ணுவாரு."

அது உண்மைதான். உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன் நான். மூட்டைகளை எடை போட்டு, லாரியில் ஏறுவதை எண்ணிப் புத்தகத்தில் பதிவதுதான் வேலை. உப்பில் ஈரம் இருக்கும், வழியில் வடியும். இங்கே ஐம்பது கிலோ கட்டி அனுப்பினால் போய்ச் சேருகிற ஊரில் நாற்பத்தொன்பதுதான் நிற்கும். அதனால் மூட்டைக்கு ஒரு கிலோ கூடப் போட்டுத் தைப்போம். புத்தகத்தில் ஐம்பது என்றே எழுதுவோம். கழிவுக்குப் போடுவது என்று சொல்வோம். அதில் திருட்டு எதுவும் கிடையாது. வாங்குகிறவன் குறைப்படக் கூடாது என்பதற்காகச் செய்வது.

சமையலறைக் கதவு நிலையில் பேத்தியை நிறுத்தினேன். தலைமேல் மர ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். முதல் மாதம் ஒழுங்காகத்தான் போட்டேன். இரண்டாவது மாதம் ஸ்கேல் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. பழைய கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு நூல்தான் இடம். அவள் குதிகாலைத் தரையில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தை அவளால் பார்க்க முடியாது. எதிர்ச் சுவரில் விழுந்த என் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்கேலில் நிலையைத் தொட்ட முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். அரைப் பென்சில் கனம், அவ்வளவுதான். மூன்றரை மில்லிமீட்டர். கோடு போட்டேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாள். அம்மாவிடம் சொல்ல ஓடியதில் சமையலறையில் ஒரு சொம்பு உருண்டது.

ஒரு மூட்டைக்கு ஒரு முறைதான் கழிவு. நான் மாதாமாதம் போட்டேன். போடாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு முறை கூட்டிப் போட்டுவிட்டால், அடுத்த மாதம் உண்மை அளவு பழைய கோட்டுக்குக் கீழே நிற்கிறது. குழந்தை தேய்ந்துவிட்டாள் என்று யாரிடம் சொல்வது? அதனால் மறுபடி கூட்டினேன். உப்பில் நாங்கள் மூட்டைக்குள்தான் கூட்டுவோம், புத்தகத்தில் கூட்ட மாட்டோம். பேத்தி விஷயத்தில் மூட்டை அப்படியே இருந்தது. புத்தகம்தான் வளர்ந்தது.

சின்னவளையும் அதே நிலையில் அளந்தேன். அவளுக்குக் கூட்ட வேண்டிய தேவை இல்லை. பதிமூன்றாவது மாதம் அவள் கேட்டாள்: "தாத்தா, கோட்டுல அக்கா பெருசா இருக்குது. நேர்ல நான் பெருசா இருக்கறேன். எப்படி தாத்தா?"

"உனக்கு முடி அடர்த்தி. அது உப்பலா நிக்குது" என்றேன். அந்தப் பிள்ளை ஒரு வாரம் தலையில் எண்ணெய் தடவித் தடவி அமுக்கிக்கொண்டு திரிந்தாள்.

பதினான்கு மாதத்தில் என் நோட்டு சொன்ன அளவு நூற்று முப்பத்தொன்று. எட்டரை சென்டிமீட்டர் வளர்ச்சி. மருமகள் டாக்டரிடம் போகும் பேச்சையே விட்டுவிட்டாள். கும்பிட்ட சாமிக்கு நேர்ந்துகொண்டதைக்கூடச் செலுத்திவிட்டு வந்தாள். உண்மை அளவு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஏறக்குறைய நூற்று இருபத்தாறு. மூன்றரை சென்டிமீட்டர்தான் வளர்ந்திருந்தாள். அந்த எண்ணை நான் எங்கும் எழுதவில்லை. ஆனால் கழிக்கத் தெரிந்தவன் கழிக்காமல் இருக்க முடியாது. படுத்தால் அதுதான்.

இந்த நிலைமையில்தான் என் மகன் கைப்பேசியும் கையுமாக வந்து உட்கார்ந்தான். சென்னையைச் சுற்றிக் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்க வேண்டிய பன்னிரண்டு இடங்கள் என்று ஒரு பட்டியல் அதில் இருந்தது. கம்பெனியில் ஒரு நாள் விடுமுறை, வேன் சொல்லிவிட்டேன், எல்லோரும் போகலாம் என்றான்.

பெரியவள் பன்னிரண்டையும் கேட்கவில்லை. "பார்க்குக்குப் போலாம்பா. ரோலர் கோஸ்டர் இருக்குதே, அந்தப் பார்க்" என்றாள்.

போன வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து இவளை அந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நூற்று முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவர்களை அந்த வண்டியில் ஏற்ற மாட்டார்கள். வகுப்பில் மற்ற முப்பத்தெட்டு பிள்ளைகளும் ஏறினார்கள். இவள் முப்பத்தெட்டு பைகளுக்குக் காவல் உட்கார்ந்தாள். வண்டி கீழே பாய்கிற இடத்தில் ஒரு கேமரா படம் எடுக்கும். அந்தப் படத்தை எல்லாப் பிள்ளைகளும் வாங்கி வந்து நோட்டு அட்டையில் ஒட்டினார்கள். அன்றிலிருந்து இவளுக்கு வகுப்பில் பெயர் அரைப்படி. "அடுத்த வருசம் நானும் போட்டோ எடுத்துனு வந்து காட்டறேன்டி" என்று இவள் சொல்லி வைத்திருந்தாள். இப்போது கதவு நிலையில் நூற்று முப்பத்தொன்று இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் மிச்சம் வேறு.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "பன்னிரண்டு இடத்தையும் வரிசையாப் பார்க்கணும், ஒண்ணையும் விடக் கூடாது" என்றேன். பூங்கா பட்டியலில் நான்காவதாக இருந்தது.

"நைனா, ஒரு நாள்ல பன்னெண்டு ஆவாது" என்றான் மகன்.

"காசு குடுத்து வேன் வச்சிருக்கிற. பார்க்கறதுக்கென்ன?" என்றேன்.

காலை ஆறு பத்துக்குக் கிளம்பினோம். ஐந்து பேரும் டிரைவரும். பெரியவள் தலையை இழுத்துச் சீவி, உச்சியில் கொண்டை போட்டிருந்தாள். நாலு விரல் உயரக் கொண்டை. நான் பார்த்ததும், "தாத்தா, கொண்டையக் கணக்குல சேர்ப்பாங்களா?" என்றாள். "எதுக்கு அது, உனக்குத்தான் மிச்சமே இருக்குதே" என்றாள் அவள் அம்மா பெருமையாக. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழியெல்லாம் நேரத்தைத் தின்பதுதான் என் வேலையாக இருந்தது. மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டினார்கள். "ஏம்பா பெருசு, ஏறு, இல்லன்னா எறங்கு" என்று ஒருவன் என் முதுகில் கையை வைத்துத் தள்ளவே செய்தான். இறங்கியதும் சிப்பிக் காட்சிசாலையில் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் குறிப்பையும் படித்தேன். நாற்பத்தொரு பெட்டி. முதலைப் பண்ணையில் முதலைகளை எண்ண ஆரம்பித்தேன். அறுபத்து மூன்று வரை எண்ணினேன். அதற்குமேல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்ததால் வால் எது, தலை எது என்று பிரிக்க முடியவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

பெரியவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, பார்க்கு மூடிடுவாங்க தாத்தா."

"மூடட்டும். கடல் இருக்குது, அங்க போய்க் கால் நனைக்கலாம்" என்றேன்.

"நம்ம ஊர்ல இல்லாத கடலா?" என்றாள் மருமகள். "குழந்த ஒரு வருசமா சொல்லினு இருக்குது. நீங்க முதலைய எண்ணினு நிக்கிறீங்க. நடங்க மாமா."

வயிறு வலிக்கிறது என்றேன். மகன் வேனிலிருந்து ஓம வாட்டர் பாட்டிலை எடுத்து நீட்டினான். குடித்தேன். வேன் கிளம்பியது.

பூங்காவுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து. எங்கே பார்த்தாலும் பலகைகள். குள்ளமானவர்களுக்கு அனுமதி இல்லை, கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை, இதய நோயாளிகளுக்கு அனுமதி இல்லை, அறுபது வயதுக்கு மேல் அனுமதி இல்லை. குடும்பத்தோடு வந்து மகிழுங்கள் என்று வாசலில் எழுதியிருந்தார்கள். ரோலர் கோஸ்டர் வரிசையில் எங்களுக்கு முன்னால் நூற்று நான்கு பேர் நின்றார்கள். நான் ஏற முடியாது, மருமகளுக்கு உயரம் என்றால் பயம். ஆனாலும் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று கம்பிக்கு இந்தப் பக்கம் அவர்களோடு சேர்ந்து நகர்ந்தோம். ஒரு மணி பத்து நிமிடம். சின்னவள் பயந்து, "நான் வரல" என்றாள். "என் கையப் புடிச்சுக்கோ, ஒண்ணும் ஆவாது" என்றாள் பெரியவள். அவ்வளவு நேரமும் அக்காவாக இருந்தாள்.

வாசலில் ஒரு மரப் பலகைக் கோமாளி ஒரு கையை நீட்டியபடி நின்றான். அந்தக் கைதான் நூற்று முப்பது. தலை கையைத் தொட வேண்டும். தொப்பி போட்ட ஓர் ஆள் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தான். பெரியவள் போய் நின்றாள். கொண்டை கையைத் தொட்டது. அவள் சிரித்தாள். அந்த ஆள் கொண்டையை இரண்டு விரலால் அமுக்கினான். தலைக்கும் கோமாளியின் கைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தது.

"பாப்பா அந்தப் பக்கம் போ. உனக்குச் சின்ன ரயில் இருக்குது, அங்க போ."

"அண்ணா, நான் நூத்தி முப்பத்தொண்ணு."

"யாரு சொன்னா?"

"எங்க தாத்தா. மாசா மாசம் அளக்கறாரு. நோட்டே இருக்குது."

அவன் மறுபடி நிறுத்தினான். செருப்பைக் கழற்றச் சொன்னான், கழற்றினாள். இடைவெளி மூன்று விரல் ஆயிற்று. பின்னால் நின்ற ஓர் ஆள் கத்தினான்: "சார், கொழந்தயத் தூக்கினு அந்தாண்ட வாங்க சார். எம்மா நேரம்?" அவனோடு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "பாவம்டி, ரெண்டாவது படிக்கும்போல" என்றாள்.

பெரியவள் அவர்களைப் பார்க்கவில்லை. கம்பிக்கு மேலே என்னைப் பார்த்தாள். "தாத்தா, சொல்லுங்க தாத்தா. நூத்தி முப்பத்தொண்ணுன்னு சொல்லுங்க."

நான் சொன்னேன்: "உங்க பலகை தப்புப்பா. நாங்க ஸ்கேல் வச்சு அளந்தது."

"பெருசு, இந்தப் பலகையில தெனம் ஆயிரம் பேரு நிக்கறாங்க" என்றான் அவன். மகனுக்கும் கோபம் வந்துவிட்டது. "எங்க நைனா கணக்குல தப்பு வராது. முப்பது வருசம் கணக்கு எழுதினவரு. பலகையச் சரி பாருங்க" என்று குரலை உயர்த்தினான். அந்த ஆள் அலுத்துக்கொண்டு, சின்னவளைக் கையைப் பிடித்து இழுத்துக் கோமாளிக்குக் கீழே நிறுத்தினான். "இந்தப் பாப்பாவுக்கு வீட்ல எவ்ளோ?"

"நூத்தி முப்பதரை" என்றாள் பெரியவள். எல்லா எண்ணும் அவளுக்கு மனப்பாடம்.

சின்னவள் தலை கோமாளியின் உள்ளங்கையில் உரசி நின்றது. எண்ணெய் தடவி அமுக்கிய தலை. "சரியா இருக்குதா? பலகை சரி. நீ உள்ள போ பாப்பா. அப்பாவும் போங்க. அடுத்து" என்றான்.

சின்னவள் அழ ஆரம்பித்தாள், தனியாக ஏற மாட்டேன் என்று. பின்னால் நெருக்கினார்கள். மகன் என்ன செய்வது என்று தெரியாமல் அவளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்துவிட்டான். பெரியவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பிக்கு அடியில் குனியாமலேயே நடந்து இந்தப் பக்கம் வந்தாள்.

அவளுக்குக் கழித்தல் நான் சொல்லிக் கொடுத்ததுதான். சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, மேசைமேல் சிந்தியிருந்த தண்ணீரில் விரலால் எழுதினாள். தங்கை வீட்டில் நூற்று முப்பதரை, பலகையிலும் அதே அளவு. ஆக, ஸ்கேல் தப்பு இல்லை, நிலை தப்பு இல்லை, தரை தப்பு இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் கூட்டிப் போட்டீங்களா?"

மருமகளும் என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம்" என்றேன். "மாசம் அரைப் பென்சில் கனம்."

பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ வருத்தப்படுவியேன்னு."

"இப்ப வருத்தப்படலியா?"

மருமகள் இடையில் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "டாக்டர் நாலுன்னு சொன்னாரே. நெசமா எவ்ளோ மாமா?"

"பதினாலு மாசத்துல மூணரை."

"பதினாலு மாசம்" என்றாள். "லேட் பண்ணாதீங்கன்னு அந்த மனுசன் தலையில அடிச்சினு சொன்னாரு. நான் கோட்டப் பார்த்து நம்பிட்டேன். எம்பொண்ணோட ஒரு வருசத்த நீங்க முழுங்கிட்டீங்க மாமா." அவள் சத்தம் போடவில்லை. பக்கத்து மேசையில் ஆறு பேர் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டிருக்காது. என்னை அவள் அதற்குமுன் ஒரு முறைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

மகன் சின்னவளோடு திரும்பி வந்தபோது அவன் கையில் அந்தப் படம் இருந்தது. அவசரத்தில் வாங்கிவிட்டான் போலிருக்கிறது. படத்தில் சின்னவள் கண்ணை இறுக மூடி, வாயைப் பிளந்து, அழுகிற முகத்தோடு இருந்தாள். மகனுக்குப் பின்சீட்டுதான் கிடைத்ததாம்; பக்கத்தில் வேறு யாரோ ஒரு பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தான். பெரியவள் அதை வாங்கிப் பார்த்தாள். "நல்லா இருக்குது" என்று தங்கையிடம் கொடுத்தாள். மீதி எட்டு இடங்களை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மணிக்கட்டில் எக்ஸ்ரே, ரத்தம், பிறகு தலையில் ஒரு ஸ்கேன், மறுபடி ரத்தம். எல்லா முடிவும் வந்து டாக்டர் கூப்பிட நாலு மாதம் ஆயிற்று. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் கடைசி முறை நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன், அவர்கள் இறங்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். முதல் எண்ணைத் தவிர ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் வேறு ஓர் எண் இருந்தது. பெரியவள் எழுதியது. மாதம் மூன்றரை மில்லிமீட்டர் வீதம் கழித்து, பதினான்கு வரியையும் திருத்தியிருந்தாள். ஒரு தப்பு இல்லை.

"யாரு இத அளந்தது?" என்றார்.

"இவருதான் சார். செவப்பு மட்டும் பாருங்க, அதுதான் நெசம்" என்றாள் பெரியவள்.

டாக்டர் சிவப்பை மட்டும் பார்த்தார். ஊசி போடலாம், தினமும் போட வேண்டும், பலன் இருக்கும் என்றார். பிறகு, "போன வருஷமே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். நான் எழுந்து நின்று கேட்டேன்: "அந்த ஒரு வருசத்துக்கு எத்தன சென்டிமீட்டர் போயிருக்கும் சார்? சுமாராச் சொல்லுங்க."

"அதையெல்லாம் அப்படி எண்ணிச் சொல்ல முடியாதுங்க" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் அதற்குப் பின்சீட்டு. கண்டக்டர் வந்து, "ரெண்டு முழு, பாப்பாவுக்கு அரை" என்று தானாகவே சொல்லிக்கொண்டு டிக்கெட்டை எடுத்தார். மருமகள் ஏதோ நினைவில் இருந்தாள். பெரியவள் சீட்டின்மேல் முட்டி போட்டுத் திரும்பி, என்னைக் கை காட்டினாள்.

"என் வயசு, என் ஒசரம் எல்லாம் அந்தத் தாத்தாவக் கேளுங்க. அவருதான் எழுதுவாரு. என்ன வேணும்னாலும் எழுதுவாரு."

கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"பன்னிரண்டு முடிஞ்சு ஒன்பது நாள் ஆவுது" என்றேன். "முழு டிக்கெட் குடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "இன்னா பெருசு, பேத்தி வயசே தெரியலியா? கொழந்தயப் பார்த்தா எட்டுகூட இருக்காது." சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

"இல்லங்க, பன்னிரண்டு" என்றேன். "நான் சரியாத்தான் சொல்றேன்."

அதற்குள் அரை டிக்கெட்டைக் கிழித்து மருமகள் கையில் வைத்துவிட்டு அவர் முன்னால் நகர்ந்துவிட்டார். பெரியவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பஸ் பொம்மையார்பாளையத்தைத் தாண்டியது. முன்சீட்டின் முதுகுக்கு மேலே அவள் அம்மாவின் தலை மட்டும் தெரிந்தது.